காப்புக் கட்டிய மாப்பிள்ளை

என் அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. காலையில் மற்றவர்களைப் போலப் பால்மரம் வெட்டுவார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பார். சாயங்காலம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கோயில் நடையைத் திறப்பார். மலாய் நாட்டில், சிகாமட்டிலிருந்து ஆற்றோரமாக உள்ளே போகவேண்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய்தான் சொல்கிறது, தோட்டம் துரையுடையது. கோயில் மட்டும் எங்களுக்கு. அந்தக் கோயிலுக்கு யார் என்ன குறையோடு வந்தாலும் அப்பா சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆத்தா பாத்துக்குவா." பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதுதான், புருஷன் கள்ளுக்கடையே கதியென்று கிடக்கிறான் என்றாலும் அதுதான், கங்காணி கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறான் என்றாலும் அதுதான். சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை திருநீறு கொடுப்பார். வந்தவர்கள் பாதி பாரம் இறங்கித் திரும்பிப் போவார்கள். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. ஆத்தா எத்தனை பேரைத்தான் பார்ப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் நடக்கப் பழகுமுன்பே அம்மா போய்விட்டாள். அப்பாவுக்கு நான் ஒரே பெண். கண்டிக்க ஆளில்லாமல் வளர்ந்ததால் வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்தது அந்த வாய்க்கு இன்னும் தெம்பு கொடுத்துவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் பாடு திண்டாட்டம்தான் என்று லயத்துப் பெண்கள் என் எதிரிலேயே சொல்வார்கள். லயம் என்றால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு வயசு என்பார்கள்.

என் வீட்டுக்காரர் சேலம் பக்கத்துக்காரர். தன் அம்மாவிடம் சொல்லாமல், ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு கப்பல் ஏறி வந்தவர். வந்த முதல் வருடமே மலேரியாவில் விழுந்து, இன்று போகிறாரோ நாளை போகிறாரோ என்று கிடந்தார். பிழைத்தால் மூன்று முறை தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிழைத்தார். இரண்டு திருவிழாவில் மிதித்தார். இரண்டாவது முறை அவர் கரைசேர்ந்து, தீக்குழி முடிகிற இடத்தில் பால் ஊற்றி வைத்திருக்கும் பால்குழிக்குள் நின்றபோதுதான் அப்பா அவரை எனக்கென்று முடிவு செய்தாராம். எனக்கும் பிடித்திருந்தது. பத்து வார்த்தை நான் பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். ஆனால் அந்த ஒரு வார்த்தையிலிருந்து ஆள் நகரமாட்டார். கட்டிக்கொண்ட பிறகுதான் அந்தக் குணத்தின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது.

ரப்பர் விலை விழுந்தது. முதலில் அது துரைமார்கள் கவலை என்றிருந்தோம். பிறகு பாதிச் சம்பளம் ஆயிற்று, பிறகு பாதி நாள் வேலை ஆயிற்று. ஒரு காலை பெரட்டில், அதாவது விடியும்போது எல்லாரையும் நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியார் வந்து அறிவித்தார். ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு இலவசமாக ரயிலும் கப்பலும் உண்டு, ஆபீசில் பெயர் கொடுக்கலாம் என்றார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கஞ்சி குடித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், பெயர் கொடுத்துவிட்டேன் என்று.

அப்போது எனக்கு வயிற்றில் ஏழு மாதம். அந்த நிலையில் கப்பல் ஏற்றமாட்டார்கள். ஏற்றினாலும் நான் போயிருக்கமாட்டேன், ஊர் என்ற ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: அம்மா ஒற்றையாக இருக்கிறாள், சொல்லாமல் வந்த பாவம் அரித்துக்கொண்டே இருக்கிறது, காசில்லாமல் போய்ப் பார்க்க இப்படி ஒரு வழி இனிமேல் வராது, பார்த்துவிட்டு வந்துவிடுவேன். நான் அழுதேன். சண்டை போட்டேன். பேசாமலிருந்து பார்த்தேன், அது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. எதற்கும் அவர் அசையவில்லை.

பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. பக்கத்து வீட்டு அக்காளின் புருஷன் அப்படித்தான் போனார். அக்கா ஒவ்வொரு நாளும் குங்குமம் வைத்துக்கொண்டு, மத்தியானம் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு இருந்தாள். அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகி, அதில் பிள்ளைகளும் ஆகிவிட்டன என்று தோட்டம் முழுக்கத் தெரியும், அவளுக்கும் தெரியும். என் பயமெல்லாம் கடல்மேல் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் போனபிறகு ஒரு ஆளின் மனசு என்ன நினைக்கும் என்பதில்தான். அவர் மனசைவிட அங்கே இருந்த இன்னொரு மனசை நினைத்துப் பயந்தேன். என் மாமியாரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலே அவள் எனக்கு எதிரியாகிவிட்டாள்.

அப்பாவிடம் போய் அழுதேன். இதே அழுகையை வேறு யாராவது அழுதிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அதைச் சொல்லவில்லை. "நீ போ. நான் பாத்துக்கிறேன்" என்றார். ஊருக்கெல்லாம் ஆத்தா பார்த்துக்கொள்வாள், எனக்கு மட்டும் அப்பா.

அந்த வாரமே திருவிழா அறிவிப்பு வந்தது. அந்த வருடம் திருவிழாவே வேண்டாம், கையில் காசில்லை என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அப்பா கோயில் வாசலில் ஆட்களைக் கூட்டி, ஆத்தாளுக்குக் குறை வைத்ததால்தான் விலை ஏறவில்லை, கூழாவது ஊற்றித் தீ மிதித்துவிடுவோம் என்றார். யாருக்கும் மறுக்க மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் விலை ஏறும் என்று யார் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தோம். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துணியில் மஞ்சள் கிழங்கைச் சுற்றி முதலில் அம்மனுக்கு, பிறகு தீ மிதிக்கிறவர்களுக்கு. அப்பா வரிசையை முடித்துவிட்டு, கூட்டத்தின் ஓரமாக நின்ற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். மூன்றாவது முறை பாக்கியிருக்கிறது மாப்பிள்ளை, வேண்டுதலை அப்படியே வைத்துவிட்டுக் கடல் தாண்டலாமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இவர் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

காப்பு ஏறிய கை திருவிழா முடியும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. அது எங்கள் வழக்கம். ரயில் புறப்படும் நாள் அந்தக் காப்புக்குள்ளே விழுந்தது. அப்பா போட்ட கணக்கு அதுதான், இவருக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனால் அப்பா ஒன்றை மறந்துவிட்டார். மருமகனைக் கட்டிப்போடும் அவசரத்தில் மறந்தார் என்றுதான் சொல்லவேண்டும், அவருக்குத் தெரியாத வழக்கம் இல்லை. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊருக்கே கட்டியதாக அர்த்தம். கையில் மஞ்சள் இல்லாதவர்கள்கூட எல்லை தாண்டி இரவு தங்கமாட்டார்கள். ஊருக்குத் திரும்பப் பெயர் கொடுத்திருந்தது இவர் மட்டுமா? லயத்தில் பாதிக் குடும்பங்கள். சாமான்களை விற்று, கோழிகளைச் சீனர் கடையில் கொடுத்து, மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ரயில் நாளன்று லாரி வந்து கோயிலுக்கு எதிரே நின்றது. ஒருவரும் ஏறவில்லை. கிராணியார் கத்திப் பார்த்தார், துரை வந்து பார்த்தார். அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது என்று எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று. அன்று பெண்கள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் போய் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். அது காலையிலேயே துடைத்த விளக்கு.

காப்புக் கட்டியவர்கள் கோயில் கொட்டகையில்தான் படுக்கவேண்டும், ஒருவேளைச் சோறு, வீட்டுப் பக்கம் வரக்கூடாது. நான் மத்தியானம் சோறு கொண்டுபோவேன். அவர் இலையைத் தானே விரித்துக்கொள்வார், போதும் என்று கையை நீட்டுவார், சாப்பிட்டு எழுந்துவிடுவார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும், கோபத்தோடு சண்டை போடலாம். விருந்துக்கு வந்தவர் மாதிரி மரியாதையாக இருந்தார். என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அப்போதே சேலம் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நான் கேட்டது இதுவா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா நடை திறக்க வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"காப்ப அவரு கையில கட்டுனீங்க. மனசுல யாருப்பா கட்டுறது?"

"அத ஆத்தா பாத்துக்குவா."

"அப்ப கையையும் அவளே பாத்துக்கட்டும்னு விட்டிருக்கலாமே."

அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தீமிதி முடிந்த மறுநாளே கிராணியாரிடம் போய்ப் பேசி, துரையிடம் வணங்கிக் கேட்டு, எல்லாருக்கும் அடுத்த கப்பலில் இடம் வாங்கிக்கொடுத்தார். துரை மறுத்துவிடுவார் என்றுதான் தோட்டமே நினைத்தது. ஏன் ஒத்துக்கொண்டார் என்று கிராணியாருக்கே தெரியவில்லை. அந்த மனுஷனின் மனசையும் யாரோ திருப்பினார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தோன்றியது.

மூன்றாவது முறையும் என் வீட்டுக்காரர் தீயைச் சாதாரணமாக நடந்து கடந்தார். அப்பாதான் காப்பை அவிழ்த்தார். லாரி வந்த காலையில் நான் வாசலில் நின்றேன். வயிறு பெரிதாக முன்னால் நின்றது. போகவேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரவா?" என்றார். "போயிட்டு வாங்க" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அப்படிச் சொல்லியிராவிட்டால் அவர் என்னை வெறுத்துக்கொண்டே போயிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறி லயத்துப் படிவரை தண்ணீர் வந்த மாதத்தில் பிறந்தாள். கடிதம் எழுதினேன். பதில் வந்தது, ஊரில் யாரையோ வைத்து எழுதியது: சுகம், சுகத்துக்கு எழுதவும், குழந்தையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்ததில், அம்மா சம்மதிக்கமாட்டேன் என்கிறாள், பொறுத்துக்கொள் என்று இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். பக்தி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் கங்காணி பெரட்டில் வேலை பிரிப்பதுபோல நான் அம்மனுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மனசில் என் முகத்தை வை. அந்தக் கிழவியின் பிடி விடட்டும். முதலில் கிழவிக்குச் சொல், பிறகு இவருக்கு. இந்த மாதமே முடித்துவிடு. சொல்லி முடித்து வெளியே வந்தால் அம்மன் சொன்னபடி செய்கிறாளா என்று தபால் வருகிற திசையைப் பார்ப்பேன். செய்யாத வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா தலை சீவிக்கொண்டிருப்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, உள்ளே போய்விடுவேன்.

பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு அந்தச் செய்தி வந்தது. லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் இவர் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். சிகாமட் பாசாரில் அப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், ஊரில் இவருக்கு மாமன் மகளைப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம் என்று. அப்பா என்னிடம் மறைக்கத்தான் பார்த்தார். லயத்தில் எதை மறைக்கமுடியும்? அவர் வீடு வந்து சேருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, கம்பம் என்போம், அங்கே போயிருந்தார். அங்கே ஒரு பொமோ இருந்தார். மருந்தும் மந்திரமும் தெரிந்தவர், விஷக்கடிக்கு எங்கள் ஆட்களும் போவதுண்டு. மத்தியானம் திரும்பி வந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தார். முடிச்சு முடிச்சாக இருந்தது. பிள்ளையின் இடுப்பில் கட்டவேண்டுமாம், கட்டினால் தகப்பன் எங்கே இருந்தாலும் கால் நிலைகொள்ளாமல் புறப்பட்டு வந்துவிடுவானாம். ஊருக்கெல்லாம் திருநீறு கொடுக்கிற மாரியம்மன் பூசாரி, தன் மகளுக்காக யாருக்கும் தெரியாமல் ஆறு தாண்டிப் போய் வந்திருக்கிறார். வெயிலில் நடந்து முகம் கறுத்திருந்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கயிற்றை விரித்தார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இந்த மனுஷன் என்மேல் வைத்திருந்த பாசத்துக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று இருந்தது.

"இன்னும் எத்தன கயிறுப்பா?" என்றேன்.

அவர் கயிற்றைப் பிள்ளையின் இடுப்பில் சுற்றப் போனார்.

"கயிறு இழுத்து வர்றவரு எனக்கு வேணாம். அவரா வந்தா வரட்டும்."

"வரலன்னா?"

இதுதான் நான் இத்தனை நாளாக என்னையே கேட்கவிடாமல் வைத்திருந்த கேள்வி. கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி அவர் மடிப்பிலேயே வைத்து, கம்பத்துக்காரரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவர்மேல் குறையில்லை என்று சொன்னேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

நடை சாத்தியிருந்தது. கதவுக் கம்பி வழியாக அம்மன் தெரிந்தாள். வெயில் நேரம், ஒருவரும் இல்லை. பிள்ளை கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்போது நான் சொன்னதை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்லமுடியும். "அவரு மனசு எங்கிட்ட இல்ல. எங்கப்பாகிட்டயும் இல்ல. அந்தக் கிழவிகிட்டயும் இல்ல. எல்லாம் உங்கிட்ட இருக்கு. நீ என்ன செய்யிறியோ செய்யி. எனக்கு அழுக வந்தா நான் அழுதுக்கிறேன்." அவ்வளவுதான். ஒளி தெரிந்தது, பல்லி சொன்னது என்றெல்லாம் சொல்ல ஆசைதான், ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். ஆனால் அன்று சாப்பிட்ட சோற்றுக்கு ருசி இருந்தது. அது எத்தனையோ நாளுக்குப் பிறகு.

அதற்கப்புறம் எனக்குக் கவலையே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வரும்போதெல்லாம் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னேன். சில நாள் மரம் வெட்டிக்கொண்டே சொன்னேன், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அம்மனுக்கு வேலை சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். தபால் வருகிற திசையைப் பார்க்காமல் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரப் பழகினேன். கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. பிள்ளைக்குப் பல் முளைத்தது, நடக்கிறாள், அப்பாவைத் தாத்தா என்று கூப்பிடாமல் பூசாரி என்று கூப்பிடுகிறாள் என்றெல்லாம் எழுதினேன். வாருங்கள் என்று எழுதவில்லை. பெருமைக்காக இல்லை. அதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன், அவ்வளவே.

பக்கத்து வீட்டு அக்காளைப் பார்த்து உள்ளே ஓடுவதும் நின்றது. ஒருநாள் நானே போய் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். அவள் புருஷன் வரவே இல்லை, கடைசிவரை. அவளும் என்னைவிடக் குறைவாக வேண்டிக்கொண்டவள் இல்லை. அதனால் என் கதையைச் சொல்லி, இப்படி இரு, உனக்கும் நடக்கும் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அவள் விஷயத்தில் அம்மன் என்ன நினைத்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது இன்னும் நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது.

விலை மெல்ல ஏறியது. முழு நாள் வேலை திரும்பியது. ஊருக்குப் போனவர்களில் சிலரைத் தோட்டங்கள் மறுபடி கூப்பிட்டுக்கொண்டன. கப்பல்கள் ஆட்களோடு வர ஆரம்பித்தன. ஒரு காலை நான் பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு நின்றிருந்தேன். சிகாமட் ஸ்டேஷனிலிருந்து லாரி வந்து ஆபீஸ் எதிரே நின்றது. புது ஆட்கள் குதித்து இறங்கினார்கள். கடைசியாக ஒருவர் இறங்கித் திரும்பி நின்று, இரண்டு கையையும் நீட்டி ஒரு கிழவியைக் குழந்தைபோலத் தூக்கி இறக்கினார். நான் முதலில் பார்த்தது கிழவியைத்தான். கட்டை குட்டையாக, காதில் பெரிய ஓட்டையோடு, மரங்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை இறக்கியவர் நிமிர்ந்தபோதுதான் அது என் வீட்டுக்காரர் என்று தெரிந்தது. பால் வாளியைக் கவிழ்க்காமல் கீழே வைத்தேன் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். நான் கேட்காமல் விட்டது ஒருவரை, வந்து நின்றது இரண்டு பேர்.

அவர் மெலிந்திருந்தார். பிள்ளை அவரைப் பார்த்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிறகு மெல்ல வெளியே வந்து, யார் நீங்கள் என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தைக்காரருக்கு அந்த ஒன்றும் வரவில்லை.

சாப்பாடு முடிந்து அவரும் அப்பாவும் கோயிலுக்குப் போனார்கள். கிழவியும் நானும் தனியே இருந்தோம். நான் பாத்திரம் தேய்த்தேன். அவள் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். மகனைத் தன் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அவள் உயிரோடு இருக்கும்வரை அவர் கப்பல் ஏறுவதில்லை என்று. அவர் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் காட்டு வேலை பார்த்திருக்கிறார். மாமன் மகளைப் பேசியதும் உண்மைதான். வேண்டாம் என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அதிலேயே நின்றிருக்கிறார். இவள் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு என் அப்பா நினைவுதான் வந்தது. அங்கேயும் ஒரு கயிறு, அதைக் கட்டிய இன்னொரு பாசம்.

"அப்புறம் எப்படி விட்டீங்க?" என்றேன்.

"நான் எங்க விட்டேன்? ஒரு நாளு காலையில கூழு கரைச்சிக்கிட்டு இருந்தேன். அவன் மாட்ட அவுத்துக்கிட்டு இருந்தான். போலாம்டா, என்னையும் கூட்டிக்கிட்டுப் போ, அந்தப் புள்ளையப் பாக்கணும்னு சொல்லிட்டேன். என் வாயி தான் சொல்லுச்சி. ஏன் சொன்னேன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்கே தெரியல."

அப்பா பிற்பாடு இதைக் கேட்டுவிட்டு, அது எந்த மாதம், கயிறு கொண்டுவந்ததற்கு முன்னாலா பின்னாலா என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணவேண்டாம் என்று சொல்லி அவர் விரல்களைப் பிடித்து மடக்கினேன். எனக்கு அந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. கடல் கடந்தால் ஜாதி போய்விடும், உயிர் போய்விடும் என்று வாழ்நாளெல்லாம் பயந்த ஒரு பொம்பளை, கூழ் கரைத்துக்கொண்டே கடல் தாண்ட முடிவெடுத்திருக்கிறாள். அந்த மனசை அப்படித் திருப்ப எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, கம்பத்துக்காரருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியவில்லை.

நான் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஏதோ மனசில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"உங்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அந்தத் தோட்டத்துக்காரி புடிய விடணும்னு எங்கூரு மாரியாத்தாகிட்ட நான் வேண்டாத வெள்ளிக்கெழம கெடையாதுடி" என்றாள்.

"நானுந்தான் அத்த" என்றேன்.

கிழவி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு புகையிலைப் பையை அவிழ்த்து, தான் போட்டுக்கொள்வதற்கு முன்னால் ஒரு கிள்ளு எனக்குக் கொடுத்தாள்.